புல்மேட்டைச் சுற்றிப் போனவர்

டிரைவர்மார் நாங்கள் அவரை 'சுத்துப்பாதை' என்றுதான் சொல்வோம். முகத்துக்கு நேரே அல்ல, முதுகுக்குப் பின்னால். நேராகப் போக ஒரு வழி கண்ணெதிரே கிடக்கும்போது, வளைந்து நெளிந்து போகிற இன்னொரு வழியைத் தேடிப் பிடிக்கிற ஆளை வேறு எப்படிச் சொல்வது? புசல்லாவைக்கு மேலே, ஒரு காலத்தில் துரை பங்களாவாக இருந்து பிறகு ஹோட்டலாகிவிட்ட கட்டடத்தில் அவர் வழிகாட்டி. நான் கண்டியிலிருந்து உல்லாசப் பயணிகளை வேனில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே இறக்குகிறவன். அவர்களை மலையேற்றிக் காட்டி, பத்திரமாக என்னிடம் திருப்பி ஒப்படைப்பது அவர் வேலை. பத்திரத்துக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார். நேரத்துக்கு மட்டும் திருப்பித் தரமாட்டார்.

பங்களாவின் பின்வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் காற்றுப்பாறை தெரியும். அதன் உச்சியில் ஏறினால் கொத்மலை அணைத் தண்ணீர் முழுதாகக் கண்ணில் விழும். பங்களாவுக்கும் பாறைக்கும் நடுவில் ஒரு புல்மேடு. சுற்றிலும் தேயிலை நிற்க, அங்கே மட்டும் தேயிலை கிடையாது, மானாப்புல்தான். அந்த மேட்டில் ஏறினால் பேசிக்கொண்டே பாறைக்குப் போய்விடலாம். இவரோ விருந்தாளிகளைப் பைன் காட்டுக்குள் இறக்கி, ஓடையைத் தாண்டவைத்து, தேயிலை மலையின் விளிம்போடு மறுபடி ஏற்றி, மேட்டை ஒரு வளையம் வளைத்துக்கொண்டுதான் பாறைக்குக் கொண்டுபோவார். திரும்புவதும் அதே வழி.

எனக்கு வயிறு எரியும். சுற்றுலாக் கம்பனிக்காரர்கள் காலையில் தலதா மாளிகை, பிறகு மலையேற்றம், அருவிக் குளியல், திரும்பும் வழியில் பேராதனைப் பூந்தோட்டம் என்று ஒரே நாளைப் பிழிந்து சாறெடுத்துக் கையில் கொடுத்திருப்பார்கள். இவர் வளைத்த வளைப்பில் நான் கம்பளையைத் தாண்டும்போதே பூந்தோட்டத்துக் கதவு சாத்தியிருக்கும். கதவைப் பார்த்துவிட்டுப் பின் சீட்டிலிருந்து வருகிற பெருமூச்சுக்கெல்லாம் பதில் சொல்லவேண்டியவன் நான்தானே.

இன்னொரு கோபமும் எனக்கிருந்தது. பைன் காட்டின் மூலை வந்ததும், "லுக், லுக், பிக் ட்ரீ" என்று விருந்தாளிகளை முன்னே அனுப்பிவிட்டு, காலில் அட்டை கடிக்கிறது என்று அவர் பின்தங்கிவிடுவாராம். நல்ல நேரம் கழித்துத்தான் வந்து சேர்ந்துகொள்வாராம். வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இதைச் சொன்னார்கள். அட்டை ஏறாமலிருக்கக் காலெல்லாம் சவர்க்காரம் பூசிக்கொண்டு மலையேறுகிற ஆளை மட்டும் எந்த அட்டை அப்படித் தேடி வந்து கடிக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஆனால் வருகிறவர்களுக்கு அவரைப் பிடித்துப்போகும். ஒடிசலான உயர்ந்த ஆள். ஹோட்டல்காரர்கள் மஞ்சள் நிறத்தில் நல்ல மழை ஜக்கெட் ஒன்று கொடுத்திருந்தார்கள். அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, உரச்சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்கிற கொங்காணியைத்தான் போட்டுக்கொள்வார். கையில் எப்போதும் மடக்கிய குடை. மழைக்கு அதை விரித்து நான் பார்த்ததில்லை. பறவையைக் காட்டவும், வழுக்குகிற கல்லைத் தட்டிப் பார்க்கவும், கிழவிகளை அதன் நுனியைப் பிடிக்கவைத்து ஏற்றவும்தான் அது. இங்கிலீஷில் நாலைந்து சொல் வைத்திருந்தார். 'ஸ்லோலி' என்ற சொல்லை மட்டும் அவ்வளவு அன்பாகச் சொல்வார். கேட்கிறவர்கள் உண்மையிலேயே மெதுவாக நடப்பார்கள்.

ஒருமுறை ஒரு ஜெர்மன் தம்பதி கைபேசியில் வரைபடத்தை வைத்துக்கொண்டு, புல்மேட்டு வழியாகத்தான் போவோம் என்று பிடிவாதம் பிடித்தார்கள். நான் வேனுக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் ஓடிப்போய் அவர்களுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"ஸ்னேக்! நோ, நோ. ஸ்னேக்!"

அவர்கள் பயந்து காட்டுப் பக்கம் திரும்பிவிட்டார்கள். அடுத்த தடவை வேறொரு கூட்டத்துக்கு அது குளவியாகிவிட்டது. அதற்கடுத்த தடவை புலி. நான் சும்மா இருப்பேனா?

"என்ன அண்ணே, போன வாரம் பாம்பு, இந்த வாரம் புலி. அடுத்த வாரம் யானை வருமா?"

அவர் சிரிக்கவில்லை. "இருக்கிறதத்தானே தம்பி சொல்றேன்" என்று குடையால் தரையைக் கீறிக்கொண்டே போனார். சரியான புளுகர் என்றுதான் நினைத்தேன்.

அந்த மேட்டில் இருந்தது என்னவென்று எனக்குச் சொன்னது, பங்களாச் சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த அக்கா. மழை கொட்டிய ஒரு நாள், மலைக்குப் போன கூட்டம் வழக்கம்போல் திரும்பாமலிருக்க, நான் கடையில் உட்கார்ந்து அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அக்கா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். ஆற்றியது போதும் என்று தோன்றியதும் கிளாசை என் முன்னால் வைத்தார்.

"தம்பி, அந்தாள வையாதீங்க. அந்தப் புல்லுக்கு அடியில அவரு மக இருக்கு."

அங்கே தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளாகக் குடியிருந்த ஒரு லயம் இருந்ததாம். பல நாள் விடாமல் மழை பெய்த ஒரு விடியற்காலையில், மேலேயிருந்து மண் இறங்கி, லயத்தின் கடைசிக் காம்பராக்களை மூடிவிட்டது. அவர் அந்த நேரம் தேயிலை ஃபெக்டரியில் வேலையில் இருந்திருக்கிறார். ஓடி வந்தபோது வீடிருந்த இடத்தில் சேறு. பெரிய மெஷின் கொண்டுவந்து தோண்டினார்கள். மனைவியின் உடல் கிடைத்தது. மகள் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஓ எல் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. தோண்டத் தோண்ட மேல்மண் இன்னும் இறங்கியதால் நிறுத்திவிட்டார்கள். மிஞ்சிய குடும்பங்களைக் கீழே வேறு இடத்துக்கு மாற்றினார்கள். மேட்டில் மறுபடி தேயிலை நடவில்லை. புல் தானாக வளர்ந்துவிட்டது. பிறகு பங்களா ஹோட்டலானபோது, மலையெல்லாம் தெரிந்தவர் என்று அவரை வழிகாட்டியாக எடுத்துக்கொண்டார்கள்.

"பொழப்புக்கு வேற எங்கயாச்சும் போயிருக்கலாம்ல அக்கா?"

"பிள்ளைய விட்டுட்டு எங்க போவாரு?" என்றார் அக்கா.

அன்று கூட்டம் திரும்பி வந்தபோது நன்றாக இருட்டத் தொடங்கியிருந்தது. நான் வேன் கதவைத் திறந்துவிட்டேன். நான் திட்டாததே அவருக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டது போலிருக்கிறது. அடுத்த முறை போனபோது என் பக்கத்தில் வந்து நின்று, வெற்றிலையை மடித்தபடி அவராகவே சொன்னார்.

"கெடச்சிருந்தா கையால ஒரு பிடி மண்ணு போட்டிருப்பேன் தம்பி. போட விடல. மண்ணே அதுவா போட்டுக்கிச்சி. எந்த எடத்துல கெடக்கான்னு தெரியாது. எங்க கால வச்சாலும் அவ மூஞ்சியில வைக்கிற மாதிரியே இருக்கு."

அதன் பிறகு பூந்தோட்டம் பூட்டிக் கிடந்தால் பூந்தோட்டத்தைத்தான் குறை சொன்னேன்.

இப்படியே போயிருந்தால் அவர் காலம் முழுவதும் அந்த மேட்டைச் சுற்றிக்கொண்டே இருந்திருப்பார். ஹோட்டலுக்குப் புதிதாக ஒரு மெனேஜர் வந்தார். கொழும்புத் தமிழர், இளவயது, கெட்டவர் என்று சொல்லமாட்டேன். வந்த உடனே அவர் கண்ணில் பட்டது புல்மேடுதான். மரம் மறைக்காத இடம், கீழே தண்ணீர், எதிரே சூரியோதயம். அங்கே கூடாரம் போட்டு விருந்தாளிகளைத் தங்கவைக்கலாம் என்று தீர்மானித்தார். கூடாரங்கள் லொறியில் வந்து இறங்கியும் விட்டன.

இவர் போய் மெனேஜரிடம் விஷயத்தைச் சொன்னார். மெனேஜர் எழுந்து நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். கண் கலங்கியதாம். ஆனால், "கூடாரம்தானே அண்ணே, குழி வெட்டப்போறதில்லையே. மேலாலதானே இருக்கப்போகுது. கெஸ்ட்மாருக்கு மட்டும் இதச் சொல்லிறாதீங்க" என்றாராம்.

அடுத்த வாரம் நான் போனபோது புல்மேட்டின் நடுவே ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. ஒரு கல். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றி, பக்கத்தில் ஒரு சின்னச் சூலம். யார் வைத்தார்கள் என்று நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. அவருடைய விரல் நகங்களில் மஞ்சள் ஒட்டிக்கொண்டிருந்தது. முழங்கால் இரண்டிலும் சிராய்ப்பு; மேட்டில் கால் வைக்காமல் தவழ்ந்தே போயிருக்கிறார்.

மலைநாட்டில் பிறந்தவனுக்கு இதன் அர்த்தம் தெரியும். தோட்டத்தில் ஒரு கல் சிவப்புத் துணி கட்டிக்கொண்டுவிட்டால், அதற்குப் பிறகு அது கல் இல்லை. வெள்ளைக்காரத் துரைமார் ரோடு வெட்டியபோதே, மரத்தடியில் முனியாண்டி இருந்தால் ரோட்டை வளைத்துத்தான் கொண்டுபோனார்கள். இன்றைக்கும் தேயிலை மலைகளில் காரணமில்லாத வளைவு ஒன்றைக் கண்டால், பக்கத்தில் ஏதாவது சாமி இருக்கிறதா என்று நான் பார்ப்பதுண்டு.

"என்ன சாமி அண்ணே?" என்று கேட்டேன்.

"கன்னியம்மா" என்றார். பிறகு, "கலியாணம் ஆகாமப் போன பிள்ளைங்கள நம்மாளுங்க அப்பிடித்தானே வைக்கிறது. பொய் ஒண்ணும் சொல்லலியே தம்பி?" என்று என் முகத்தைப் பார்த்தார்.

"பொய்யில்ல அண்ணே" என்றேன்.

கூடாரத்துக்கு முளை அடிக்க வந்த தோட்டத்து ஆட்கள் கல்லைக் கண்டதும் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு, சாமி இருக்கிற இடத்தில் இரும்பு இறக்கமாட்டோம் என்று திரும்பிப் போய்விட்டார்கள். மெனேஜர் கெஞ்சிப் பார்த்தார், முடியவில்லை. கூடாரமெல்லாம் கீழே தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது. அன்று இவர் என்னைக் கையைப் பிடித்துக் கடைக்கு அழைத்துப்போய், கருப்பட்டி வைத்துத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். கடைக்கார அக்காவிடம் சம்பந்தமில்லாமல் எதையெதையோ பேசிச் சிரித்தார். அவருக்கு முன்வாயில் ஒரு பல் இல்லை என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. பங்களா வராந்தாவில் காலைச் சாப்பாடு சாப்பிடுகிறவர்களுக்கு, பச்சைப் புல்லின் நடுவே சிவப்பாகத் தெரிவது என்னவென்று கேட்கத் தோன்றாதா? கேட்டார்கள். மெனேஜர் சொன்னார். போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். சாமியைப் பார்க்க வேண்டாம் என்று யார் சொல்வது? ஒருத்தி எடுத்த படத்தைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள். கொஞ்ச நாளில், தேயிலைக் கூடையை முதுகில் மாட்டிக் கொழுந்து பறிப்பதற்கும் அருவிக் குளியலுக்கும் நடுவில், ஹோட்டல் பலகையில் புதிதாக ஒன்று ஏறிவிட்டது. கன்னித் தெய்வத்துக்கு வெறுங்கால் நடை.

சப்பாத்தைக் கழற்றச் சொன்னவர் நம் வழிகாட்டியேதான். முதல் நாள் சிலர் சப்பாத்தோடு மேட்டில் ஏறப்போனபோது, தாங்கமுடியாமல், "சப்பாத்து வேணாம்! காட்! காட்!" என்று கத்தியிருக்கிறார். கழற்றினால் மெதுவாக மிதிப்பார்களே என்று நினைத்தாராம். அவர்களுக்கு அதுதான் பிடித்துப்போனது. ஈரப்புல்லில் வெறுங்காலோடு நடப்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று வேனில் திரும்பும்போது என்னிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.

அவர் மட்டும் மேட்டின் ஓரத்திலேயே நின்றுவிடுவார். ஒரு நாள் தன் தாய் தகப்பனோடு வந்த ஒரு பெண்பிள்ளை, பள்ளிக்கூடம் போகிற வயசு, கல்லுக்குப் பக்கத்தில் புல்லில் குப்புறப் படுத்துவிட்டாள். கன்னத்தைத் தரையில் வைத்துச் சிரித்தபடி, படம் எடு என்று தாயிடம் கையைக் காட்டினாள். அன்றைக்கு மொழிபெயர்க்க ஆளில்லாததால் நானும் கூடப் போயிருந்தேன். அவர் குடையைப் போட்டுவிட்டு, புல் தொடங்குகிற இடம்வரை ஓடி வந்துவிட்டார்.

"பாப்பா, எந்திரிம்மா. எந்திரிச்சிரும்மா."

தமிழில்தான் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். அட்டை கடிக்கும், எழும்பு என்று நான் இங்கிலீஷில் சொன்னேன். அவள் புல்லைத் தட்டிக்கொண்டு எழுந்து எங்களிடம் ஓடி வந்தாள். அவர் அவளுடைய கன்னத்தில் ஒட்டியிருந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, தரையில காத வச்சிப் படுத்துச்சே. ஏதும் கேட்டிச்சான்னு கேளுங்க."

"அண்ணே..."

"கேளுங்க தம்பி."

கேட்டேன். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, தண்ணீர் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது என்றாள். நான் தமிழில் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். "தண்ணிதான். அன்னைக்கும் தண்ணிதான்" என்றார். அந்தப் பிள்ளை அவருக்கு நன்றி சொல்லிக் கைகொடுத்தாள். அவர் அந்தக் கையை விடச் சற்று நேரமானது.

அன்று இறங்கும்போது, கல்லைப் பிடுங்கி ஓடையில் போட்டுவிட்டால் கூட்டம் வராது என்று என்னிடம் சொன்னார். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குள் தோட்டத்துச் சனம் கன்னியம்மாவைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டுவிட்டது. வெளிநாட்டுக்குப் போக ஏஜென்சி அழைப்புக்காகக் காத்திருந்த ஒருத்திக்கு அழைப்பு வந்தது. பிள்ளையில்லாத ஒருத்திக்குப் பிள்ளை உண்டானது. தேத்தண்ணிக் கடை அக்காகூடப் பால்செம்பு தூக்கிக்கொண்டு போனார். விஷயம் தெரிந்த அவரே போனபோது மற்றவர்களைச் சொல்லி என்ன? மெனேஜர் மாத்தளையில் சிலை செய்யச் சொல்லி, மேடை கட்டிக் கொடுத்தார். மேடைக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். சாமிக்காகத் தோண்டுவதால் அந்த முறை யாரும் மறுக்கவில்லை. தோண்டி முடிகிறவரை இவர் மேட்டின் ஓரத்திலேயே நின்று, வெட்டியெடுத்து வந்த மண்ணை ஒவ்வொரு கூடையாகக் கையால் துழாவிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அக்கா சொன்னார். ஒன்றும் அகப்படவில்லை.

விருந்தாளிகள் கோயில் எவ்வளவு பழையது என்று கேட்டால், இந்தியாவிலிருந்து முதல் முதல் ஆட்கள் வந்த காலத்துக் கோயில் என்று மெனேஜர் சொல்வதை நான் என் காதால் கேட்டேன். இவரும் பக்கத்தில்தான் நின்றார். மறுக்கவில்லை. மறுத்து எதைச் சொல்வார்? சாமி என்று சொன்ன வாய் அவருடைய வாய்தானே.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது, வேன் ஓட்டுவதை விடுவதற்குக் கொஞ்ச நாளைக்கு முன். புதிதாக ஒரு பொடியன், இங்கிலீஷ் நன்றாகப் பேசுகிறவன், கூட்டத்தை மேட்டுக்கு மேலால் நேராகப் பாறைக்கு நடத்திக்கொண்டு போனான். இப்போது அதுதான் வழி. பைன் காட்டுப் பாதையில் முள் மண்டிவிட்டது. இவருக்கு மேட்டின் அடியில் ஒரு பலகை போட்டுக் கொடுத்திருந்தார்கள். வருகிறவர்களின் சப்பாத்துகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. கொங்காணியைப் போட்டுக்கொண்டு, சோடி மாறாமல் அடுக்கி வைத்தபடி உட்கார்ந்திருந்தார். மேலே மணி அடித்துக் கேட்டது.

"எல்லாரும் போறாங்க. நீங்க ஒருக்காவாச்சும் போய்க் கும்பிட்டுட்டு வரலாம்ல அண்ணே?" என்றேன். அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அவர் ஒரு சப்பாத்தின் நாடாவைச் சுருட்டி உள்ளே விட்டார்.

"பெத்தவன் எப்படித் தம்பி கும்பிடுறது?"

அந்தச் சப்பாத்தைச் சோடியோடு சேர்த்து வைத்துவிட்டுச் சொன்னார். "முந்தியெல்லாம் பைன் காட்டு மூலையில அவங்கள முன்னால விட்டுட்டு, அங்கன நின்னு இந்த மேட்டப் பாத்து அழுதுட்டுப் போவேன். அட்டை கடிச்சிச்சின்னு சொல்லிக்குவேன். போன மாசம் இங்கன உக்காந்து அழுதேன்னு பூசாரி வைஞ்சிட்டாரு. நல்லது நடக்கிற எடமாம், கண்ணீர் விடக் கூடாதாம். எல்லாருக்கும் கும்பிட எடம் கெடச்சிருச்சி. எனக்கு அழுவுறதுக்கு இருந்த எடம் போயிருச்சி."

அப்போது மழை பிடித்துக்கொண்டது. மேலே போனவர்கள் வெறுங்காலோடு கூச்சலிட்டுச் சிரித்துக்கொண்டு சரிவில் ஓடி வந்தார்கள். அவர் அவசர அவசரமாகச் சப்பாத்துகளைக் கவிழ்த்து வைத்தார். ஒரு பெண்பிள்ளையின் சப்பாத்தை மட்டும் எடுத்துக் கொங்காணிக்குள், நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டார். அந்தப் பிள்ளை வந்து கையை நீட்டுகிறவரை அதை வெளியே எடுக்கவில்லை.